மீனம்பாக்கமும் பலாலியும்: தொலைவும் காலமும்

சென்னை மீனம்பாக்கத்திற்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர். இத்தொலைவு என்றும் மாறியதில்லை. ஆயினும் அதைக் கடக்க ஆகும் காலம் பலமுறை மாறியது. அம்மாற்றத்திற்குக் காரணம் விமானத்தின் வேகமன்று, வரலாறே.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயரின் வான்படைக்கென அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது பயணிகளுக்குப் பயன்படலாயிற்று. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. காங்கேசன்துறை என அன்று குறிக்கப்பட்ட தளம் பலாலியே. இலங்கை விடுதலை பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் முன்னரே இவ்வழி திறந்துவிட்டது. மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் பறந்த டக்கோட்டா விமானத்திற்குப் பலாலிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வழி ஒன்றரை மணி நேரத்திற்குள் அடங்குவது.

1979இல் ஏர் சிலோன் மறைந்தது. 1983இல் போர் மூண்டது. 1990இல் பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் வீடுகளும் செம்மண் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன.

அக்காலத்தில் சென்னையிலிருந்து விமானமேறி யாழ்ப்பாணம் செல்ல விழைந்தவர், முதலில் 645 கிலோமீட்டர் பறந்து கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். பின்னர் வந்த திசையிலேயே திரும்பி, வடக்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழி செல்ல வேண்டும். சென்னையையும் கட்டுநாயக்காவையும் வரைபடத்தில் நேர்க்கோட்டால் இணைத்தால், அக்கோடு பலாலியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே செல்வதைக் காணலாம். சொந்த ஊரைக் கடந்து தெற்கே போய், மீண்டும் ஊர் தேடி வரும் பயணம் அது. ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தரைவழியும் இல்லை. உள்நாட்டு வான்வழியும் இடரற்றதாக இருக்கவில்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் நின்ற அச்சேவை, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. பயண நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. 75 ஆண்டுக்கால விமானத் தொழில்நுட்ப வளர்ச்சி இவ்வழியில் ஈட்டித் தந்தது சில நிமிடங்களே. இடைப்பட்ட பூசல் விழுங்கியதோ ஒரு தலைமுறையின் காலம்.

தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது தமிழ் மரபு. பிரிவின் நிலம் இயற்கையில் இருப்பதன்று, உண்டாக்கப்படுவது. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே கிடக்கும் கடலும் அவ்வாறே ஒரு காலத்தில் பாலையாயிற்று. அதன் அகலத்தைக் கிலோமீட்டர் கூறும். அதன் வெம்மையைக் கூற வேண்டியவர்கள் கவிஞர்களே.