தம்பானூர் காபி ஹவுஸ் – இடம் அறிந்து எழுந்த கட்டிடம்

வளைகுடா நாட்டில் பல வருஷங்கள் உழைத்துத் திரும்பிய என் மருமான் ஒருநாள் என்னிடம் வந்தான். "மாமா, தம்பானூரில் ஒரு இடம் பார்த்திருக்கிறேன். மங்கலான வெளிச்சம், மெத்தை நாற்காலி, ஏ.ஸி. எல்லாம் வைத்து ஒரு ஹோட்டல் ஆரம்பிக்கலாம் என்று எண்ணம். அட்வான்ஸ் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டான். கையிலிருந்த சேமிப்பு அத்தனையும் அதில் போகும் என்று தெரிந்தது. ஸர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்த எனக்கு வியாபாரம் தெரியாது. "கிளம்பு, ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வரலாம்" என்று அவனை பஸ் ஸ்டாண்ட் அருகிலுள்ள இந்தியன் காபி ஹவுஸுக்கு அழைத்துச் சென்றேன்.

நம் அங்கத்தினர்கள் அனைவரும் அந்தச் செங்கல் நிற வட்டக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பூர்வ கதை பலருக்குத் தெரிந்திராது.

1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தால் காபி ஏற்றுமதி படுத்துவிட்டது. விளைந்த காபியை உள்நாட்டிலேயே விற்றாக வேண்டும் என்ற நிலையில், காபி செஸ் கமிட்டி 1936-ல் பம்பாயில் முதல் காபி ஹவுஸைத் திறந்தது. பின்னர் காபி போர்டு இவற்றை நாடெங்கும் நடத்தியது. 1950-களில் போர்டு அவற்றை மூட முடிவு செய்தபோது ஊழியர்கள் தெருவில் நிற்கும் நிலை ஏற்பட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் யோசனைப்படி அவர்களே கூட்டுறவு சங்கங்கள் அமைத்தனர். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம் தொடங்கியது. கேரளத்தில் 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் முதல் கடை திறந்தது. இங்கு பரிமாறுகிறவரும் முதலாளிகளில் ஒருவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி கட்டிடத்துக்கு வருவோம். இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். காந்திஜியைச் சந்தித்து மனம் மாறி இந்தியாவிலேயே தங்கியவர். திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு 2007-ல் இங்கேயே காலமானார். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார். அநாவசியச் செலவு கூடாது என்பது அவர் கொள்கை.

அவருக்குக் கிடைத்தது சிறிய மனை. எதிரில் 1931 முதல் ரயில் நிலையம். பக்கத்திலேயே பஸ் நிலையம். வருகிறவர் யார்? பெட்டியும் பையுமாக, அடுத்த வண்டிக்கு அரை மணி இருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்க்கும் பிரயாணி. அவருக்கு வேண்டியது சூடான காபி, குறைந்த விலை, உட்கார ஓர் இடம். மெத்தை அல்ல.

ஆகவே பேக்கர் மாடிகளை அடுக்காமல், நடுவில் ஒரு தூணறை வைத்து, அதைச் சுற்றித் தரையையே திருகுபோல் மேலே ஏற்றினார். தனியாகப் படிக்கட்டு இல்லை. நடைபாதையே சாப்பாட்டுக் கூடம். வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் இருக்கையும் கட்டிடத்தோடேயே கட்டப்பட்டவை; உடையாது, நகராது. தரை சரிவாயிருந்தாலும் மேஜை சமமாயிருப்பதால் டம்ளர் காபி சிந்துவதில்லை. நியூயார்க்கில் 1959-ல் திறந்த குகன்ஹைம் மியூஸியத்திலும் சுழலும் சரிவுப் பாதை உண்டு. அங்கே சித்திரம் பார்க்க நடக்கிறார்கள். இங்கே மேஜை பிடிக்க நடக்கிறோம்!

சுவரில் கண் கண்ணாக விட்ட துவாரங்கள் விஞ்ஞானம் படித்தவனுக்கு ஒரு சந்தோஷம். கூசும் வெயில் துண்டு துண்டாகி மங்கி வருகிறது. காற்று எந்தத் திசையிலிருந்தும் நுழைகிறது. சூடான காற்று இலேசாகி மேலெழுந்து வெளியேறுகிறது. கண்ணாடி, ஜன்னல் சட்டம், ஏ.ஸி. எதற்கும் செலவில்லை. அந்த மிச்சம் பில்லில் தெரிகிறது.

கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் பழைய ஆல்பர்ட் ஹாலில் இருக்கிறது. உயர்ந்த கூரை, விசாலமான கூடம். மாணவரும் எழுத்தாளரும் மணிக்கணக்கில் வாதம் செய்ய ஏற்றது. அதே காபி, அதே தலைப்பாகை. ஆனால் அந்தக் கூடத்தைத் தம்பானூரில் வைத்தால் நாலு பேர் மேஜையைப் பிடித்துக்கொண்டிருக்க, பிரயாணி வண்டியைத் தவறவிடுவார். இந்தக் கோபுரத்தைக் கல்கத்தாவில் வைத்தால் வாதம் நடக்காது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து உட்கார முடியாது. என்னைப் போல் முழங்கால் தேய்ந்தவர்கள் முதல் சுற்றிலேயே இடம் தேட வேண்டும். மாமிச பதார்த்தங்களும் பரிமாறப்படுவதால் நம்மவர்களில் ஆசாரமுள்ளவர்கள் உள்ளே வரமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கிளம்பும் கடை யாருக்கும் உதவாது. யாருக்காக என்பதை முதலில் தீர்மானித்து, மற்றவர்களை விட்டுவிடும் தைரியமும் வேண்டும்.

பீட்ரூட் கலந்த சிவந்த மசால் தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே மருமான் சுற்றிலும் பார்த்தான். "மாமா, பக்கத்து மேஜையில் நாம் வந்த பிறகு மூன்று பேர் மாறிவிட்டார்கள்" என்றான். "நீ போடப்போகும் மெத்தை நாற்காலியில் எத்தனை பேர் மாறுவார்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

மறுநாள் முதல் ஒரு வாரம், காலை மாலை இரு வேளையும், ஒரு நோட்டுப் புத்தகத்துடன் தான் பார்த்த இடத்துக்கு எதிரில் நின்று, போகிறவர் வருகிறவரை எண்ணினான். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. குடும்பங்கள் வசிக்கும் பகுதியில் இப்போது இடம் தேடுகிறான். பலிக்குமா என்பது பகவத் சங்கல்பம். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டான். அதற்கு ஆன செலவு இரண்டு மசால் தோசையும் இரண்டு காபியும்தான்.