டர்போ சி: நீலத் திரைக்குப் பின்னால் ஒரு லோடுமேன்

1990-களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஒரே கம்பைலரைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். பிறகு இந்தப் பக்கத்தில் வரிசையாக முளைத்த பொறியியல் கல்லூரிகளுக்குப் போனபோதும் அதே கம்பைலர்தான். நீலத் திரை, மேலே சாம்பல் பட்டையில் ஃபைல், எடிட், சர்ச், ரன். கண்ட்ரோல் எஃப்9 அடித்தால் ஓடும், ஆல்ட் எஃப்5 அடித்தால் விடை தெரியும். போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி++ 3.0. வெளிவந்த வருடம் 1991. பாடநூல் கம்பைலரை 'நிரல்பெயர்ப்பி' என்று சொல்லும். பிள்ளைகள் 'டிசி' என்றுதான் சொல்வார்கள்.

கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து கணினி வாத்தியாராக ஓய்வு பெற்றவன் நான். அந்த நீலத் திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை வகுப்பில் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதிலிருந்த 8088 சிப்புக்கு முகவரிக் கம்பிகள் 20. இரண்டின் 20-ஆம் அடுக்கு 10,48,576. அதாவது ஒரு மெகாபைட். அதற்கு மேல் நினைவகம் இருந்தாலும் அந்தச் சிப்புக்குக் கண் தெரியாது. அந்த ஒரு மெகாபைட்டிலும் மேல் 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 640 கேபி. டாஸும் நம் நிரலும் அதற்குள்தான் குடித்தனம் நடத்தவேண்டும். 1982-ல் வந்த 286 சிப் 16 எம்பி வரை பார்க்கும். 1985-ல் வந்த 386 சிப் 4 ஜிபி வரை பார்க்கும். ஆனால் அந்த இடத்தைத் தொட 'புரொடெக்டட் மோட்' என்ற வேறொரு நிலைக்குப் போகவேண்டும். டாஸோ பழைய 'ரியல் மோட்' தவிர வேறெதையும் அறியாதது. சிப் வளர்ந்துவிட்டது, டாஸ் வளரவில்லை.

இந்த இடத்தில்தான் 'டாஸ் எக்ஸ்டெண்டர்' வருகிறது. நம் தொழிற்பேட்டையை வைத்தே சொல்கிறேன். எஸ்டேட்டில் பல கம்பெனிகளில் முன்பக்கம் சின்ன ஆபீஸ் அறை, பின்னால் பெரிய குடோன் இருக்கும். ஆபீஸ் அறையில் ஒரு பழைய கிளார்க். மேசை மேல் வைத்ததைத்தான் பார்ப்பார், குடோனுக்குள் காலடி வைக்கமாட்டார். சரக்கெல்லாம் குடோனில் கிடக்கிறது. நடுவில் ஒரு லோடுமேன். கிளார்க்குக்குக் காட்டவேண்டிய பெட்டியைக் குடோனிலிருந்து தூக்கிவந்து மேசையில் வைப்பான், அவர் கையெழுத்துப் போட்டதும் திரும்ப உள்ளே கொண்டுபோய் அடுக்குவான். கிளார்க் டாஸ். மேசை 640 கேபி. லோடுமேன் எக்ஸ்டெண்டர். நிரல் மேல் நினைவகத்தில் புரொடெக்டட் மோடில் ஓடும். கோப்பைத் திறக்க, எழுத டாஸின் உதவி வேண்டுமென்றால், எக்ஸ்டெண்டர் அந்தத் தரவைக் கீழே ஒரு மெகாபைட்டுக்குள் நகலெடுத்து வைத்து, சிப்பை ரியல் மோடுக்கு மாற்றி, டாஸைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி மேலே போய்விடும். நொடிக்கு எத்தனையோ தடவை இந்த ஏற்றியிறக்கல் நடக்கும். இதற்கான பொது ஒப்பந்தமாக 1990-ல் வந்ததுதான் டிபிஎம்ஐ.

நம் பக்கத்தில் இதை அறியாமலே பார்த்தவர்கள் நிறைய. 1993-ல் வந்த டூம் விளையாட்டைத் தொடங்கினால் 'டாஸ்/4ஜிடபிள்யூ' என்று ஒரு வரி ஓடும். அது வாட்காம் கம்பைலரோடு வந்த எக்ஸ்டெண்டரின் பெயர். சம்பளப் பட்டியலும் ஸ்டாக் கணக்கும் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக்கொடுத்துப் பிழைத்த இளைஞர்கள் எஸ்டேட்டில் இருந்தார்கள். ஃபாக்ஸ்புரோ டாஸ் பதிப்பு 'ஸ்டாண்டர்டு', 'எக்ஸ்டெண்டட்' என இரண்டு விதமாகக் கிடைத்தது. 386 இயந்திரமும் கூடுதல் ராமும் இருந்தால் எக்ஸ்டெண்டட். வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அந்த வித்தியாசம் மணிக்கணக்கில் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டர்போ சி++ 3.0 தானே ஒரு லோடுமேனை வைத்துக்கொண்டுதான் ஓடியது. அந்த நீலத் திரையும் கம்பைலரும் 640-க்குள் அடங்காத அளவு பெருத்துவிட்டதால், போர்லாண்ட் அதைப் புரொடெக்டட் மோடில் ஓடும்படி செய்திருந்தது. டிசி ஃபோல்டருக்குள் 'பின்' ஃபோல்டரைத் திறந்தவர்களுக்கு டிபிஎம்ஐ என்று தொடங்கும் கோப்புகள் நினைவிருக்கலாம். ரிச்சி தெருவில் உதிரி வாங்கிச் சேர்த்த சில இயந்திரங்களில், 'இந்த இயந்திரம் எங்கள் பட்டியலில் இல்லை, டிபிஎம்ஐஇன்ஸ்ட்டை ஓட்டு' என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி வந்து நின்றுவிடும். ஒவ்வொரு போர்டும் நிலை மாறுவதற்கு ஒவ்வொரு வழி வைத்திருந்தது. அந்தச் சின்ன நிரலை ஒருமுறை ஓட்டினால் சோதித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். வைரஸ் என்று பயந்து ஃபார்மட் செய்த லேப்களும் உண்டு.

ஆனால் அந்தக் கம்பைலரில் பிள்ளைகள் எழுதிய நிரலுக்கு லோடுமேன் கிடையாது. அது பழைய ஆபீஸ் அறையிலேயே ஓடியது. சமைப்பவருக்குப் பெரிய சமையலறை, சாப்பிடுபவருக்கு ஒரு ஸ்டூல். 'இன்ட்' என்றால் 2 பைட். உச்சம் 32,767. ஃபேக்டோரியல் புரோகிராம் எழுதாத மாணவன் உண்டா? 7 கொடுத்தால் 5040. சரி. 8 கொடுத்தால் 40320 வரவேண்டும். திரையில் -25216. முதல் முறை அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்! 40320-லிருந்து 65536-ஐக் கழித்துப் பார் என்பேன். கணக்கு வாத்தியாருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 200-க்கு 200 என்று ஓர் இன்ட் அணியை அறிவித்தால் 80,000 பைட். ஒரு செக்மென்ட் 65,536 பைட்தான். கம்பைலரே 'அரே சைஸ் டூ லார்ஜ்' என்று திருப்பி அனுப்பிவிடும். மெமரி மாடல், ஃபார் பாயின்டர் எல்லாம் இந்த நெருக்கடிக்காக வந்தவைதான்.

இது ஏன் இத்தனை வருடம் நிலைத்தது? கம்பைலரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பழைய 486-லும் ஓடியது. ஐந்தாறு ஃபிளாப்பியில் கைமாறியது. கரண்ட் போய் வந்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி எழுந்து நின்றது. (பிற்பாடு போர்லாண்ட் டர்போ சி 2.01-ஐயும் டர்போ சி++ 1.01-ஐயும் இலவசமாகக் கொடுத்தது. நாம் எல்லோரும் வைத்திருந்த 3.0 அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை!) நிலைக்க வைத்தது பாடத்திட்டமும் ரெக்கார்டு நோட்டும் கைடும்தான். சி++ மொழிக்கு உலகத் தரம் 1998-லேயே வந்துவிட்டது. அதன்படி தலைப்புக் கோப்புப் பெயரில் 'டாட் எச்' கிடையாது, 'வாய்டு மெயின்' செல்லாது. இங்கே 2010-க்குப் பிறகும் பிராக்டிகலில் 'ஐஓஸ்ட்ரீம் டாட் எச்', 'வாய்டு மெயின்', 'சிஎல்ஆர்எஸ்சிஆர்', 'கெட்ச்' என்று எழுதித்தான் பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள்.

இதன் விலையைக் கொடுத்தது யார் என்பதுதான் எனக்கு முக்கியம். வீட்டில் கணினியும் இன்டர்நெட்டும் இருந்த பிள்ளை எப்படியோ வெளியே எட்டிப்பார்த்துவிட்டான். பட்டாபிராமிலிருந்து லோக்கல் டிரெயினில் வந்து, தமிழ் மீடியத்தில் படித்து, லேப் நேரத்தில் மட்டும் விசைப்பலகையைத் தொட்ட பிள்ளைக்கு டிசிதான் உலகம். என் மாணவி ஒருத்தி, வகுப்பிலேயே சுத்தமாக நிரல் எழுதுபவள், எஸ்டேட்டில் பழைய ஷெட்டுகளை இடித்துக் கட்டிய ஐடி கட்டடம் ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். லினக்ஸ் இயந்திரம், ஜிசிசி கம்பைலர். மனப்பாடமாக அடித்த முதல் வரியிலேயே பிழை. தர்க்கம் சரி, லூப் சரி. 'உனக்கு அடிப்படையே தெரியவில்லையே' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அடிப்படை தெரியும். 1991-ன் அடிப்படை தெரியும். (ஆறு மாதத்தில் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள், கவலை வேண்டாம்.)

2011-ல் அரசின் இலவச மடிக்கணினி வந்தது. அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸில் ஜிசிசியைக் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். 640 கேபி எல்லை இல்லை, இன்ட்டுக்கு 4 பைட், ஃபேக்டோரியல் 12 வரை சரியாக வரும். ஆனால் பிள்ளைகள் விண்டோஸுக்குள் போய் டிசியைத் தேடினார்கள். புது விண்டோஸில் டாஸ் முழுத்திரை வராது, 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரலே ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ். 2002-ல் பழைய விளையாட்டுகளை ஆடுவதற்காக வெளிவந்த மென்பொருள் அது. நிஜக் கணினிக்குள் ஒரு பொய்க் கணினி, அதற்குள் பொய் டாஸ், அதற்குள் லோடுமேன், அதற்குள் டிசி, அதற்குள் நம் பிள்ளையின் ஃபேக்டோரியல். ஜிபி கணக்கில் ராம் உள்ள இயந்திரத்தில் மறுபடியும் -25216!

2018-ல் பதினொன்றாம் வகுப்புப் புதுப் புத்தகம் டெவ் சி++-க்கு மாறியது. அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது.

பழைய கம்பைலரை விரும்பிப் பிடித்திருப்பவர்கள் உலகம் முழுக்க இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிடித்திருக்கும் விதம் வேறு. 1989-ல் டி.ஜே. டெலோரி தொடங்கிய டிஜேஜிபிபி, ஜிசிசியையே டாஸுக்குக் கொண்டுவந்தது. எழுதுகிறவரின் நிரலுக்கும் லோடுமேனைக் கொடுத்தது. 1996-ன் குவேக் விளையாட்டின் டாஸ் பதிப்பு அதில் உருவானதுதான். வாட்காம் 2003-ல் ஓப்பன் வாட்காம் என்று திறந்த மூலமாக வந்தது. இவை இரண்டும் நம் லேப்களுக்குள் நுழைந்திருந்தால், அதே பழைய 486-ல், அதே டாஸில், பிள்ளைகள் 32-பிட் நிரல் எழுதியிருக்கலாம். டிஜேஜிபிபிக்குக் காசுகூட வேண்டாம்.

டிசி காலத்து பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டு யாரிடமாவது இருந்தால் ஃபேக்டோரியல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அவுட்புட்டில் என்ன எண் கொடுத்து எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கவேண்டும். 5-க்கு மேல் யாரும் போயிருக்கமாட்டீர்கள் என்பது என் கணிப்பு.