குடும்பப் பராமரிப்பாளர் உரிமைகள்

குடும்பப் பராமரிப்பாளர் உரிமைகள் என்பன, நோயுற்றோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை வீட்டில் ஊதியமின்றிப் பேணும் உறவினர்களுக்குச் சட்டத்தாலும் அரசுத் திட்டங்களாலும் கிடைக்கும், அல்லது கிடைக்கவேண்டும் எனக் கோரப்படும் உரிமைகள் ஆகும். பண உதவி, இடைக்கால ஓய்வு, பயிற்சி, பணிப் பாதுகாப்பு, முதுமைக்கால ஓய்வூதியம் ஆகியவை இக்கோரிக்கைகளுள் முதன்மையானவை. கூலிக்கு அமர்த்தப்படும் செவிலியரும் வீட்டுப் பணியாளரும் இவ்வகையில் அடங்கார்.

பணியின் தன்மை

படுக்கையில் கிடப்பவரைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், குளிப்பாட்டல், குழாய் வழி உணவு செலுத்துதல், இரவில் விழித்திருத்தல் என இப்பணி நீளும். மருத்துவமனையில் இதே வேலையைச் செய்பவருக்குப் பதவிப்பெயரும் விடுப்பும் உண்டு. வீட்டில் இரண்டும் இல்லை. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டனர். ஆண்களில் இது 21.4 விழுக்காடு. ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிட்டனர். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும் என்பதால், நோயாளிகளைப் பேணுவோரின் சுமையை மட்டும் இந்த எண்களிலிருந்து பிரித்துக் காண இயலாது.

நாஞ்சில் நாட்டில்

பேணியவருக்கு உரிமை உண்டா என்னும் கேள்வி நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. இப்பகுதி வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழி முறையில் ஆணின் சொத்து அவனுடைய சகோதரியின் மக்களுக்குச் சென்றது. கணவனைக் கடைசி வரை பேணிய மனைவிக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கும் கிடைத்த பங்கு மிகக் குறுகியது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய "நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்" இந்நிலையைக் கைம்பெண் ஒருத்தியின் கூற்றாக எள்ளலுடன் உரைக்கிறது. திருவிதாங்கூர் அரசு 1926இல் சட்டம் இயற்றி இம்முறையை மாற்றியது. அது சொத்துரிமைச் சீர்திருத்தமே. பராமரிப்புச் சட்டம் அன்று. எனினும் வீட்டுக்குள் உழைத்தவர் வெறுங்கையுடன் நிற்கக்கூடாது என்ற வாதம் இம்மண்ணில் ஒருமுறை வென்றிருக்கிறது எனலாம்.

எல்லையின் இருபுறமும்

அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதன் விளைவாகக் களியக்காவிளையிலும் சில கிலோமீட்டர் அப்பாலுள்ள பாறசாலையிலும் ஒரே வகை நோயாளியைப் பேணும் இரு பெண்கள் இருவேறு திட்டங்களின் கீழ் வருகின்றனர்.

கேரளம் 2010இல் தொடங்கிய ஆசுவாசகிரணம் திட்டம், படுத்த படுக்கையானோர், மூளை முடக்குவாதம் உற்றோர் போன்றோரை முழுநேரமும் பேணுபவருக்கே உதவித்தொகை வழங்கியது. மாதம் 600 ரூபாய் என்பது சிறு தொகை. அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதுண்டு. ஆயினும் பெறுபவர் பராமரிப்பாளர் என்பதே இதன் சிறப்பு. மேலும், 2008ஆம் ஆண்டின் வலிதணிப்புக் கொள்கையால் அங்கு உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வீடு தேடி வரும் செவிலியர் குழுக்கள் உருவாயின.

தமிழ்நாட்டில் கடும் பாதிப்புடைய மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொகை கேரளத்தினதைவிடப் பெரிது. ஆனால் அது பராமரிக்கப்படுபவரின் பெயரில் வருவது. அவர் இறந்தால் நின்றுவிடும். அதற்குள் பராமரிப்பாளருக்கு ஐம்பது வயது கடந்திருக்கலாம். பணி அனுபவச் சான்றோ சேமநிதியோ இராது. இளையோர் வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் வேலை தேடிச் செல்வது வழக்கமான இம்மாவட்டத்தில், ஊரில் தங்கிய ஒரே மகளோ மருமகளோ இந்நிலைக்கு ஆளாவதுண்டு.

2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே அளிக்க வழி செய்யப்பட்டது.

இந்தியச் சட்டங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 24ஆம் பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியைக் குறிப்பிடுகிறது. தொகை எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பராமரிப்பைக் கடமையாக மட்டுமே பார்க்கிறது. பிள்ளைகள் என்னும் சொல்லில் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை இச்சட்டம் சேர்க்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் பணியைச் செய்யும் மருமகள், கடமைப்பட்டோர் பட்டியலிலும் இல்லை, உரிமை பெறுவோர் பட்டியலிலும் இல்லை என்பது வியப்புக்குரியது.

தமக்குப் பின் யார் பார்ப்பர் என்பதே அறிவுசார் குறைபாடுடையோரின் பெற்றோரை வாட்டும் கவலை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி, 18 வயது நிரம்பியவருக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் அமைக்கப்படும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தாய் என்பதாலேயே இவ்வுரிமை தானாகத் தொடராது. வங்கியில் கையொப்பம் தேவைப்படும்போதே பலர் இதை அறிகின்றனர்.

மாற்றுத்திறன் குழந்தையைப் பேணும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து 2014 ஆணை விலக்களித்தது. வருமான வரியில் 75,000 ரூபாயும், கடும் குறைபாடெனில் 1,25,000 ரூபாயும் கழிக்கப்படும் சலுகை உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாத கயிறு திரிக்கும் தொழிலாளிக்கும் மீனவருக்கும் இவற்றால் பயனில்லை.

இயக்கங்கள்

பிரித்தானியாவில் பெற்றோரைப் பேணுவதற்காக 1954இல் பணியை விட்ட மதகுருவான மேரி வெப்சுடர், 1963இல் நாளிதழ்களுக்கு எழுதிய கடிதங்களின் தொடர்ச்சியாக 1965இல் மணமாகாத பெண் பராமரிப்பாளருக்கான அமைப்பை நிறுவினார். அங்கு 1976இல் பராமரிப்பாளர் படி வந்தது. மணமான பெண் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற கருத்தில் அவர்கள் முதலில் விலக்கப்பட்டனர். தாயைப் பேணிய சாக்குலின் திரேக்கு தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த 1986ஆம் ஆண்டில் அத்தடை நீங்கியது.

தமிழ்நாட்டில், மனநோயாளிகளின் குடும்பத்தினர் சென்னையில் 1989இல் ஆஷா என்ற அமைப்பைத் தொடங்கினர். 2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தனர். வீட்டில் பேண உதவி கிடைக்காத குடும்பங்கள் நோயாளிகளை எங்கு கொண்டுபோய் விடுகின்றன என்பதை அந்நிகழ்வு நாட்டுக்குக் காட்டியது. இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் பராமரிப்பாளர் குழுக்களை உருவாக்கும் கேரர்சு வேர்ல்டுவைடு என்னும் அமைப்பை அனில் பாட்டீல் 2012இல் நிறுவினார். ஐக்கிய நாடுகள் அவை 2023இல் அக்டோபர் 29ஐப் பராமரிப்பு மற்றும் ஆதரவுக்கான பன்னாட்டு நாளாக அறிவித்தது.