மருதமுனையின் குழித்தறிகள்

இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனைக்கு வடக்கே அமைந்த முஸ்லிம் ஊரான மருதமுனையின் கைத்தறி நெசவு, ஆலைத்தொழிலாக அன்றிக் குடும்பத்தொழிலாகவே தலைமுறைகளைக் கடந்து வந்தமையால், அதன் வரலாற்றுக்கு எழுத்துச் சான்றுகளைவிட வீட்டு முற்றங்களே நெருக்கமான சாட்சிகளாகும். நெய்பவர் கால்களை இறக்கி மிதிகளை இயக்குவதற்கெனத் தரையில் பள்ளம் தோண்டி அமைக்கப்படும் குழித்தறியில், நீளவாக்கில் விறைப்பாகக் கட்டப்பட்ட பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிய, அந்த இடைவெளியூடாக நாடா எனப்படும் ஓடம் குறுக்கு நூலான ஊடையை இழுத்துச் செல்லும். பாவு அறாதிருக்க அதற்குக் கஞ்சி ஊட்டுதல், ஊடை நூலைத் தாரில் சுற்றுதல் முதலிய முன்வேலைகளில் வீட்டுப் பெண்களின் உழைப்பும் கலந்திருப்பதால், ஒரு சாரனை நெய்தவர் என ஒருவரை மட்டும் சுட்டுவது, வாங்குவோருக்கு வசதியானதே தவிர, சரியானதன்று.

1970களின் முற்பகுதியில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்நாட்டுத் துணிக்குச் சந்தையை அளித்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும், மலிவான வெளிநாட்டுத் துணி அதனைப் பறித்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலை கடலோர வீடுகளோடு அவற்றிலிருந்த தறிகளையும் நூலையும் அழித்தமையால், வீடே தொழிற்கூடமாக இருந்த நெசவாளருக்குக் குடியிருப்பும் பிழைப்பும் ஒரே காலைப்பொழுதில் பறிபோயின.