ஊர்காவற்றுறையில் ஓய்வுநாள்



ஊர்காவற்றுறையின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தோர் யாவரும் கடலின் நடுவே நிற்கும் கோட்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். நானும் அக்கோட்டைப் பக்கம் சற்றே எட்டிப் பார்க்கத்தான் போகிறேன். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது. சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, வயிறார உண்டு, வெயில் தாழ்ந்ததும் கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போய்வந்து, விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருத்தல் என்னும் எளிய இன்பம் இருக்கிறதே, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த இன்பத்தை நுகர்ந்தவர் யார், யாருடைய உழைப்பினால் நுகர்ந்தனர், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்று வினவினால், கோட்டைகள் சொல்லாத செய்திகள் பல வெளிவரும்.

கடை இருக்க வேண்டுமானால் முதலிற் சரக்கு வர வேண்டும். ஊர்காவற்றுறைக்குச் சரக்கு வந்த கதை மிகப் பழையது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 1153 முதல் 1186 வரை ஆண்ட அம்மன்னன், பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வர வேண்டும் என்றும், அவர்கள் அங்கே பாதுகாப்புடன் இருக்க வேண்டும் என்றும் அதிற் கட்டளையிடுகிறான். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற வணிகச் சரக்கு ஏற்றிவந்த மரக்கலமாயின் சரிபாதி. இந்த ஊராத்துறையே நமது ஊர்காவற்றுறை. யானை குதிரைக்காரருக்கு அரசன் காட்டிய சலுகையைப் பார்த்தால், அவனுக்கு எந்தச் சரக்கு மிகவும் தேவைப்பட்டது என்பது விளங்கும்!

பின்னர் போர்த்துக்கேயர் வந்து, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலிற் கோட்டை கட்டினர். 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் உப்பிட்ட பன்றித்தொடை போல அவர்கள் கண்ணுக்குப் பட்டதாம். அத்தொடையின் குதிக்கால் இந்தக் கோட்டையாம். தமது நாட்டு ஊர்களின் பெயர்களையும் நமது தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று; நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்கு வந்து, இத்துறையிலே கப்பலேறி இந்தியக் கரைகளுக்குச் சென்றன. யானைத்துறை என்னும் பொருள்படப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரின் எச்சமே ஆங்கிலத்தில் நிலைத்த கயிற்ஸ் என்னும் பெயர் என்பர்.

கோட்டையை இத்துடன் விட்டுவிடுவோம். அந்தக் கப்பல்கள் இறக்கிய வேறொரு சரக்கைப் பற்றித்தான் எனக்கு விருப்பம் அதிகம். அது சொற்சரக்கு. நம் வீட்டு வசதிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நாம் சாய்ந்திருக்கும் கதிரை போர்த்துக்கேயச் சொல். அக்கதிரை கிடக்கும் விறாந்தையும் அவ்வாறே. காற்று வரத் திறக்கும் யன்னல், சேலை மடித்து வைக்கும் அலுமாரி, முழுகியபின் தலை துவட்டும் துவாய், காலையிற் சம்பலோடு உண்ணும் பாண், தேநீரில் தோய்க்கும் விசுக்கோத்து ஆகிய யாவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கடைக்காரர் சில்லறை போடும் லாச்சியும் அரசாங்கக் கந்தோரும் ஒல்லாந்தருடையவை. கறிக்குப் போடும் கொச்சிக்காயின் பெயரிலே கொச்சித் துறைமுகம் இருக்கிறது. சீனியின் பெயரிலே சீனம் இருக்கிறது. கோட்டைக்குட் காவல் இருந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய கதிரை மட்டும் நம்முடைய ஆச்சிமாரின் வாயில் நம்முடைய சொல்லாகவே நின்றுவிட்டது. தூய தமிழ் வேண்டும் என்று மாணவருக்கு நாள்தோறும் சொல்லுகிறவன் நான். ஆயினும் கதிரையை நாற்காலி ஆக்கினால் அதிற் சாய்ந்திருக்கும் சுகம் சற்றுக் குறைந்துபோவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். நம்மவருக்குச் சனிக்கிழமை முதலில் முழுக்குக்குரிய நாள். ஆடவர் எண்ணெய் வைத்துக்கொள்ளும் நாள். அரப்பும் தேசிக்காயும் அவித்துத் தலை தேய்த்து முழுகிவிட்டு உண்ணும் சோற்றின் ருசி வேறு எந்த நாளிலும் கிட்டாது. வெள்ளிக்கிழமை மரக்கறியோடு இருந்த சைவர் வீட்டில் மறுநாள் மீன் சட்டி அடுப்பேறும். ஆகவே மீன் சந்தையில் இரைச்சல் கூடும். கத்தோலிக்கர் பெருந்தொகையாக வாழும் ஊர் இது. அவர்களுக்கு ஞாயிறு பூசைக்குரிய நாள். பூசை முடிந்து வரும் வழியிலே கடை. இவற்றோடு ஆங்கிலேய ஆட்சியில் அரசாங்கக் கந்தோர்களுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் சேர்ந்தது. இவ்வாறு சமயமும் கந்தோரும் கூடி நமக்கு ஒரு வார இறுதியை அமைத்துக் கொடுத்தன.

மற்றொரு காரணமும் உண்டு. அது போர்க்காலத்து அரிசிப் பங்கீடு. 1942 இல் கூப்பன் முறை வந்தபின், வாரந்தோறும் கூப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கக்கடை வாயிலில் நிற்பது நாடெங்கும் வழக்கமாயிற்று. ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதனால் 1953 ஆகஸ்ட் 12 ஆம் நாள் இலங்கை முழுவதும் ஹர்த்தால் நிகழ்ந்தது என்றால், அந்தக் கூப்பன் அரிசி எத்துணை முக்கியம் என்பதை உணரலாம். சங்கக்கடையில் அரிசியையும் சீனியையும் வாங்கியபின், தெருவோரத்துத் தனியார் கடைக்குப் போனால் மீதிச் சாமான்கள் கிடைக்கும். மண்ணெண்ணெய் ஒரு போத்தல், நெருப்புப் பெட்டி, சவர்க்காரம், தாளைச் சரையாகச் சுற்றிக் கட்டிய மல்லி, சுருட்டு ஒரு கட்டு. கடைக்காரர் கடன் கொப்பியிற் குறித்துக்கொண்டே, “தம்பி, அப்பு சுகமோ?” என்று விசாரிப்பார். உடன் வந்த பிள்ளையின் கையில் ஒரு தோடம்பழ இனிப்பு விழும். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் அங்கே போய் வாங்கிலில் இருந்து, எந்தத் தோணி வந்தது, யார் வீட்டிற் கலியாணம் என்று பேசி வருவது முதியவர்களின் வழக்கம்.

அந்த வாங்கில் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் வரலாறு பேசுவோன் மறைத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வரவும் வாங்கிலில் இருக்கவும் மறுக்கப்பட்டனர். அவர்களுக்குத் தேநீர் போத்தலிலோ தனிப் பேணியிலோ வெளியே கொடுக்கப்பட்டது. தீவுகளும் இதற்கு விலக்கல்ல. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் 1950 களில் தேநீர்க் கடைப் பிரவேசத்தை ஓர் இயக்கமாகவே நடத்தின. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த மறுநாளே எல்லா வாங்கில்களும் பொதுவாகிவிடவில்லை. 1960 களின் இறுதியிலும் இதற்காக அடிபட்டவர்கள் உண்டு. ஒரு கோப்பைத் தேநீரை இருந்து குடிக்கும் ஓய்வுக்காகவும் மனிதர் போராட வேண்டியிருந்த நாடு இது.

சனிக்கிழமைக் கடைத்தெருவில் வேறொன்றையும் கவனித்திருக்கலாம். முதியவர்கள் இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள். இளைஞரும் நடுவயதினரும் குறைவு. அவர்கள் எங்கே? அவர்களும் கடையிலேதான் இருந்தார்கள்; ஆனால் அந்தக் கடை கொழும்பிலோ இரத்தினபுரியிலோ காலியிலோ இருந்தது. புங்குடுதீவு, வேலணை, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு என்னும் ஊர்களிலிருந்து சென்றவர்கள் தென்னிலங்கையின் பட்டினங்கள் பலவற்றிலே சுருட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் சைவச் சாப்பாட்டுக் கடையும் நடத்தினர். தண்ணீர் அரிதாகவும் வயல் குறைவாகவும் உள்ள மண் அவர்களை அனுப்பிவைத்தது. 1905 இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடியாக ஓடத் தொடங்கிய புகையிரதம் அவர்களை ஏற்றிச் சென்றது. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய சிறுவன் உறவினர் கடைக்குப் போய், விடியுமுன் எழுந்து கடை திறந்து, இரவு கதவு சாத்தியபின் அங்கேயே பாய் விரித்துப் படுப்பான். ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ, கோயில் திருவிழாவுக்கு ஊர் வருவான். வீட்டில் மனைவியோ தாயோ மணியோடரை எதிர்பார்த்து, அதனால் வந்த கல்வீட்டையும் கிணற்றையும் பிள்ளைகளையும் தனியே பார்த்துக்கொண்டாள். விறாந்தையிற் கிடந்த சாய்மனைக் கதிரை பெரும்பாலும் அவன் பணத்தில் வாங்கியது. அதிற் சாயும் நாட்கள் அவனுக்கு மிகச் சிலவே.

இந்த முரண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே 1850 ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலையை நிறுத்த வழிசெய்தது. ஆலையை விட்டு வந்தவர்கள் கடைகளை நிறைத்தார்கள். அவர்களுடைய ஓய்வு கடைச் சிப்பந்தியின் மிகுதி வேலையாயிற்று. அச்சிப்பந்திக்கு வாரத்தில் அரைநாள் விடுமுறையைச் சட்டம் வழங்கியது 1911 இலேதான். இலங்கையிலே கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இல் வந்தது. வாரத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை அதனாற் கிடைத்தது. முதலாளியின் மருமகனாகவும் சிப்பந்தியாகவும் ஒருங்கே இருந்த நம் தீவகத்து இளைஞன் அவ்வுரிமையை எந்த முகத்தோடு கேட்டிருப்பான் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். 1966 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை இந்நாட்டிற் சனி ஞாயிறு விடுமுறையே இருக்கவில்லை. சந்திரனின் நிலையைக் கணித்துப் போயா நாளும் அதற்கு முந்திய நாளும் விடுமுறைகளாயின. இன்று வியாழனும் வெள்ளியும் விடுமுறையானால் பின்னொரு வாரம் அது வேறு கிழமைக்கு நகரும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் நடக்கும். கத்தோலிக்கர் வேலைநாளிலே பூசைக்குப் போக நேர்ந்தது. சைவர் பாடும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். தந்தையை இழந்தவர் அமாவாசை விரதம், தாயை இழந்தவர் பறுவ விரதம்; விடுமுறை வரும் நாளில் மீன் வாங்கக் கூடாது, மீன் வாங்கத்தகும் நாளில் விடுமுறை இல்லை!

இவ்வளவும் சிரித்துக்கொண்டே சொல்லத்தக்கவை. இதற்குப் பின் நடந்தவை அவ்வாறல்ல. 1958 இலும் 1977 இலும் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் எரியூட்டப்பட்டன. இரு தலைமுறை உழைப்பு சில நாட்களிற் சாம்பலாயிற்று. அக்கடைகளை நம்பியிருந்த தீவக வீடுகளின் அடுப்பும் அதனோடு தணிந்தது. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து பயணிகளை ஏற்றிவந்த குமுதினிப் படகில் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கடல் கடந்தே வர வேண்டிய தீவுக்கு, அந்தக் கடலே அச்சத்துக்குரியதாயிற்று. 1990 இல் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது ஊர்காவற்றுறை மக்களிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். அங்கே பொருளாதாரத் தடை. சவர்க்காரம் இல்லை, மின்கலம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு யானை விலை. ஜாம் போத்தலுக்குட் சிறு திரி வைத்துச் சொட்டு எண்ணெயில் விளக்கு எரித்தோம். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, அதன் டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டோம். இந்த உரையைக் கேட்கும் நேயர்களில் அவ்வாறு சுற்றிய கைகளை உடையவர்கள் பலர் இருப்பீர்கள்.

திரும்பி வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியிலே தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள் உண்டு. தீவகத்தார் பலர் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் ஒடியல் மாவும் முருங்கைக்காயும் வாங்கும் சாட்டில் மக்கள் அங்கே கூடி, யார் வீட்டிற் கலியாணம் என்று பேசுகிறார்களாம். வாங்கில்தான் இல்லையாம்; நின்றபடியே பேசுகிறார்கள்.

ஊர்காவற்றுறைத் துறையடியில் இடிந்த பழங்கட்டடங்களைக் காணலாம். காரைநகருக்குப் போகும் பாதை கடலைக் குறுக்கறுக்கிறது. ஆளில்லா வளவுகளிற் கதிரையைப் போல விறாந்தையும் போய்விட்டது, வடலிகள் நிற்கின்றன. கடைகள் சில இருக்கின்றன. சனிக்கிழமை காலையிற் பிள்ளைகளை அங்கே காண்பது அரிது; அவர்கள் தனியார் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். பரீட்சைப் பெறுபேறுகளைக் கேட்டு என்னிடம் வரும் பெற்றோரை நான் குறை சொல்ல முடியாது. ஆயினும் ஆறு நாளும் படித்த பிள்ளையை ஏழாம் நாளிலும் எழுப்புகிறோமே என்ற எண்ணம், வருகைப் பதிவேட்டிற் கையொப்பம் இடும்போதெல்லாம் எனக்கு வருகிறது. பிற்பகலில் வகுப்பு விட்டதும் நாலைந்து பேர் துவிச்சக்கரவண்டிகளைக் கடைவாயிலிற் சாய்த்துவிட்டு, ஒரு சோடாவைப் பகிர்ந்து குடிக்கிறார்கள். கடைக்காரர் அவர்களைப் போகச் சொல்வதில்லை. பாதை அக்கரை போய்த் திரும்பி வரும்வரை அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள்.