கடல் தாண்டியோரும் ஸ்திரவாசமும்

குமரி மாவட்டத்தின் மேற்றிசைக் கரையில், முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே, வள்ளியாறு கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்திருக்கிற கடியப்பட்டணம், சொந்தக் கரையை விட்டுத் தூரப் போய்ப் பிழைப்பதை இன்று நேற்றுக் கற்றுக்கொண்ட ஊர் அன்று. 1544ஆம் வருஷத்தின் கடைசியில், பிரான்சிஸ் சவேரியார் பூவாறு தொடங்கிப் பள்ளம் வரையிலும் முக்குவர் கிராமங்கள்தோறும் நடந்து, ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்த காலத்தில், அவர் போன ஊர்களின் வரிசையில் இதன் பெயரும் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும், மீன்பாடு குறைந்தால் வேறு கரைக்கு வள்ளத்தைத் திருப்புவதும், பருவம் மாறியதும் வீடு திரும்புவதும் இந்தக் கரையாருக்கு இயல்பாகவே இருந்து வந்திருக்கின்றன. எந்தக் கரையில் இறங்கினாலும் அங்கே எத்தனை நாள் இருக்கலாம் என்று கடிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது.

அது வந்த பிறகு, விசா இல்லாமல் ஒருவன் பெரும்பாலான வெளிநாடுகளில் காலடி வைக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விசாவோடு முறையாகப் போய், வரி முதலிய கடன்களைச் செலுத்தி, ஒரு குற்றமும் செய்யாமல், இளமை முழுவதையும் அங்கேயே உழைத்துக் கழித்தவனுக்குக்கூட, ‘நீ இங்கே நிரந்தரமாக இருந்துகொள்ளலாம்’ என்ற ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுப்பதற்கு ஒரு சர்க்கார் எத்தனை வருஷம் தாமதிக்கலாம் என்பதைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. சவுதியிலும் பஹ்ரைனிலும் கத்தாரிலும் விசைப்படகு ஏறுகிற குமரிக் கடற்கரைத் தொழிலாளியின் நிலையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், பாரசீக வளைகுடாவை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, நம்முடைய தென் திருவிதாங்கூர் ஜனங்கள் அதற்கு நூறு வருஷம் முன்பே கண்டு அநுபவித்த இலங்கையின் கதையைப் பார்க்க வேண்டும்.

1860ஆம் வருஷத்தை ஒட்டித் தென் திருவிதாங்கூரில் பஞ்சம் வந்தபோது, இங்கிருந்து அநேகர் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். காப்பி நோயால் அழிந்து அதன் இடத்தில் தேயிலை வந்த பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் சேர்ப்புக்கென்று ஒரு காரியாலயம் இருந்தது. மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. அந்த முகாமில் நோய் பரிசோதித்து, அம்மை குத்தி, பதிவு செய்து, தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் போன இந்த ஜனங்களை, பிற்காலத்தில் அந்நாட்டு வாய்த்துடுக்குக்காரர்கள் ‘கள்ளத்தோணி’ என்று வைதார்கள். இதைப் போன்ற ஒரு பொய்யை நான் சரித்திரத்தில் அதிகம் பார்த்ததில்லை. ஒரு ராஜாங்கத்தின் சம்மதத்தோடு ஆள் அனுப்பி அழைத்து, ஒரு ராஜாங்கமே பேர் எழுதி இறக்கிக்கொண்ட பிரயாணத்தைவிடச் சட்டபூர்வமான பிரயாணம் வேறு என்ன இருக்க முடியும்? தோட்டத்துக்குப் போனவர்களைத் தவிர, கொழும்பில் கள் இறக்கவும், ரயில்வேயிலும் துறைமுகத்திலும் கூலிக்கு நிற்கவும் திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களிலிருந்து போனவர்கள் வேறு இருந்தார்கள். 1930க்குப் பிந்திய வருஷங்களில் இவர்கள்மேல் முதலில் வெறுப்பு மூண்டது. 1939இல் இலங்கை சர்க்கார் இந்திய தினக்கூலிகளை நீக்க முற்பட்டதும், காங்கிரஸின் சார்பில் ஜவாஹர்லால் நேரு நேரிலேயே கொழும்புக்குப் போனதும், அந்த விஜயத்தின்போதே இலங்கை இந்தியர் காங்கிரஸ் உதயமானதும் எல்லாம் அந்த ஒரு வருஷத்துக் காரியங்கள்.

1948 பிப்ரவரி 4ஆம் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வருஷமே 18ஆம் நம்பர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனாரோ, அல்லது பாட்டனாரும் முப்பாட்டனாரும் சேர்ந்தோ அந்நாட்டில் பிறந்தவர்கள் என்று காட்டினால்தான் வம்சாவளியால் பிரஜை. பிறப்புப் பதிவே சரிவர நடக்காத, தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் மூன்று தலைமுறைக்குச் சான்றிதழ் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எஞ்சியவர்களுக்கு 1949ஆம் வருஷத்து 3ஆம் நம்பர் இந்திய, பாகிஸ்தானி வாசிகள் சட்டம் ஒரு வாசல் திறந்து வைத்தது. அந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

விவாகமானவர் 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் 7 வருஷமும், விவாகமாகாதவர் 10 வருஷமும், அதற்குப் பின்பும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். எப்போதாவது ஒரு தடவை 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும். புருஷன் இருந்தால் போதாது. மனைவியும் கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் அங்கே வந்து சேர்ந்து, விண்ணப்பம் போடும் நாள் வரைக்கும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இதே நிபந்தனை. ஜீவனத்துக்கு வேண்டிய வருமானம் உண்டு என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். கேட்பதற்கு இவையெல்லாம் நியாயமானவை போலவே தொனிக்கின்றன. ஆனால் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண், குழந்தைக்கு முடியிறக்கி, தம்பியின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று தங்கி, நடுவே காய்ச்சலில் படுத்து, ஒரு வருஷம் கழித்துத் திரும்புவது நம் நாட்டில் அதிசயமா? அந்தத் தாமதம் அவள் புருஷனுடைய இருபது வருஷத்து உழைப்பைத் துடைத்துவிடும் என்று அவளுக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்? தோட்டத்துச் செக்ரோல் என்ற கூலிப் பட்டியலில் முத்தையா என்றும், பிறப்புப் பதிவில் முத்தன் என்றும், ரேஷன் புத்தகத்தில் வேறொன்றாகவும் எழுதப்பட்ட ஒருவன், மூவரும் நானே என்று உத்தியோகஸ்தரை நம்பவைக்க வேண்டியிருந்தது. அம்மூன்றையும் எழுதியவர் வேறு வேறு குமாஸ்தாக்கள். தண்டனை மட்டும் எழுதத் தெரியாதவனுக்கு.

விண்ணப்பம் போட 2 வருஷம் தவணை. இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. 1951 ஆகஸ்டில் தவணை முடிவதற்குள் மனம் மாறி எல்லாரையும் மனுச் செய்யச் சொல்லிற்று. ஏறத்தாழ 2,37,000 மனுக்கள் வந்தன. அவற்றில் அடங்கியவர்கள் ஏறக்குறைய 8,25,000 பேர். இங்கேதான் என் மனத்தை மிகவும் உறுத்துகிற விஷயம் வருகிறது. மனு கொடுப்பவனுக்கு 2 வருஷம் என்று கெடு வைத்த அதே சட்டம், மனுவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற காரியாலயத்துக்கு ஒரு கெடுவும் வைக்கவில்லை. 1954 ஜனவரியில் நேருவும் சர் ஜான் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பதிவு வேலையை இரண்டு வருஷத்துக்குள் முடிக்க முயல்வதாக இலங்கை சர்க்கார் ஒத்துக்கொண்டது. அதற்குப் பின்னும் பல வருஷம் மனுக்கள் மேஜைமேல் கிடந்தன. கடைசியில் பதிவுப் பிரஜைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். ஆறு பேரில் ஒருவர். மற்ற ஐவரும் அதுவரைக்கும் எந்த நாட்டுக்கு உரியவர்களாய் இருந்தார்கள் என்று கேட்டால், ‘நாடற்றவர்’ என்பதே அப்போது வழங்கிய பெயர். 1947 தேர்தலில் அவர்களுடைய வாக்கினால் ஏழு பேர் பார்லிமெண்டுக்குப் போயிருந்தார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. கோடகன் பிள்ளை என்பவர் வாக்காளர் ஜாபிதாவில் தம் பெயரைச் சேர்க்கக் கோரித் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1953இல் சட்டம் செல்லும் என்றே முடிந்தது.

தாமதத்தை நாம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறோம். இலங்கையின் விஷயத்தில் அதை அப்படிக் கொள்வது எனக்குச் சம்மதமில்லை. ‘இல்லை’ என்று சொன்னால் கேட்டவன் கோர்ட்டுக்குப் போவான், அயல்நாடு கேள்வி கேட்கும், பத்திரிகை எழுதும். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று சொன்னால் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. அத்துடன், காத்திருப்பவன் அடங்கி நடப்பான். சங்கத்தில் சேரவும் சம்பளம் கேட்கவும் தயங்குவான். தோட்டத் துரைமாருக்கும் அரசியல்வாதிகளுக்கும் இதனால் விளைந்த லாபம் கொஞ்சமன்று.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்வது என்று பங்கு வைத்தது. அந்த மீதியையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்கு அங்கே பிரஜாவுரிமை என்ற விகிதாசாரத்தால், ஒருவனுடைய ஸ்திரவாசம் தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டுக்காரன் எப்போது மூட்டை கட்டுகிறான் என்பதைப் பொறுத்ததாயிற்று. 1984இல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றபோது, இந்தியப் பாஸ்போர்ட்டு கைக்கு வந்தும் புறப்பட வழியில்லாமல் ஆயிரக்கணக்கானோர் அக்கரையிலேயே தங்கிவிட்டனர். வந்து சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நம் மாவட்டத்திலேயே வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோரின் புனர்வாழ்வுக்கென்று 1984இல் தமிழக அரசு ஏற்படுத்திய அரசு ரப்பர் கழகத்தின் கீரிப்பாறை, சிற்றாறு, மணலோடை, கோதையாறு முதலிய தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களுள், நுவரெலியாவிலும் பதுளையிலும் கொழுந்து பறித்தவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. ‘சிலோன்காரர்’ என்று அக்கம்பக்கத்தார் அவர்களை அழைத்தது, அங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைத்ததற்குச் சரியான ஈடு.

இனிக் கடற்கரைக்கு வருவோம். இலங்கையில் வாசல் குறுகலாக இருந்தது. வளைகுடாவிலோ, தொழிலாளிக்கு வாசலே வைக்கப்படவில்லை. அங்கே ஒருவன் இருப்பது கபீல் என்கிற, அவனை வேலைக்கு அழைத்த முதலாளியின் பொறுப்பில். இக்காமா என்ற வாச அனுமதிச் சீட்டு புதுப்பிக்கப்பட்டு வரும் வரைக்கும் அவன் வாசி, அது தவறினால் குற்றவாளி. அண்மையில் சில நாடுகள் நிரந்தர வாசம் என்ற ஒன்றை அறிமுகம் செய்திருப்பது வாஸ்தவமே. கத்தார் 2018இல் செய்த சட்டப்படி, வெளியே பிறந்தவர் 20 வருஷம் வசித்து, அரபு பேசத் தெரிந்து, போதிய வருமானமும் உடையவராயிருந்தால் மனுச் செய்யலாம். ஆனால் வருஷத்துக்கு 100 பேருக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. சவுதி அரேபியா 2019இல் கொண்டுவந்த ஏற்பாட்டில் காலவரையறையற்ற வாசத்துக்குக் கட்டணம் 8,00,000 ரியால். வலை இழுத்துச் சம்பாதிக்கிறவன் இதைக் கேட்டுச் சிரிப்பதற்குக்கூடச் சக்தியற்றுப் போவான். ஆகவே கடியப்பட்டணம் போன்ற ஊர்களிலிருந்து போனவர்கள், இருபது முப்பது வருஷம் அங்கே இருந்தாலும், ஐம்பது வயதில் ஒரு பெட்டியோடு திரும்பி வருகிறார்கள். வீடு கட்டியாயிற்று, பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று என்பதே அவர்களுக்கு ஆறுதல்.

படித்து அமெரிக்கா போனவர்களின் பாடு இதைவிட மேல் என்று எண்ணுகிறவர்கள், 1990ஆம் வருஷத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். உத்தியோகத்தின் பேரில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 க்ரீன் கார்டு. எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு 7க்கு மேல் இல்லை. சிறிய நாட்டில் பிறந்தவன் சில வருஷத்தில் பெறுவதை, இந்தியாவில் பிறந்தவன் தலை நரைக்கும் வரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. இடையில் பிள்ளைக்கு 21 வயது நிரம்பினால், அவன் தகப்பனுடைய மனுவிலிருந்தே விலகிப்போய்விட நேரிடலாம். மனைவியின் வருகையைக் கொண்டு புருஷனைத் தள்ளிய 1949ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு இது தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. சம்பளமும் சௌகரியமும் வேறு என்பதை மறுக்கவில்லை. மலையகத்துத் தாயின் துயரத்தோடு இதைச் சமமாக வைப்பதும் நியாயமாகாது. ஆனால் கெடு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்ற குறை இரண்டு இடத்திலும் ஒன்றே.

இலங்கையின் கணக்கு 2003 அக்டோபரில் ஒருவாறு தீர்ந்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை உண்டு என்று அந்நாட்டுப் பார்லிமெண்டு ஏகமனதாகச் சட்டம் இயற்றிற்று. அதன்படி நடந்த முகாம்களில் பத்தே நாட்களில் 1,90,000க்கு மேற்பட்டவர்கள் பிரஜைகளானார்கள். ஐம்பத்தைந்து வருஷம் முடியாத வேலை பத்து நாளில் முடிந்ததென்றால், முடியாமலிருந்ததற்குக் காரணம் வேலையின் பெருக்கம் அன்று.

குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய தகரப் பெட்டியிலோ பாட்டனார் காலத்து இலங்கைப் பாஸ்போர்ட்டு, தோட்டத்துத் துண்டு, மண்டபம் முகாமின் சீட்டு, தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, அல்லது காலாவதியான இக்காமா கிடந்தால், பொங்கல் சுத்தத்தின்போது அதை எரித்துவிட வேண்டாம். பங்குக் கோயிலிலோ, பக்கத்துக் கல்லூரியின் சரித்திரப் பகுதியிலோ ஒப்படையுங்கள். கூடவே, அதற்குரியவர் உயிரோடு இருந்தால், எந்த வருஷம் மனுச் செய்தார், எந்த வருஷம் பதில் வந்தது என்று அவரிடமே கேட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.