எல்லை நீர்த்தேக்கங்களும் இரு நாடுகளின் நீர்க்கணக்கும்

இரு நாடுகளுக்குப் பொதுவான நீர்த்தேக்கமொன்றின் நீர்மட்டம் வெறும் பொறியியல் தகவலன்று. யாருக்கு எவ்வளவு நீர் உரித்தானது என்பதைத் தீர்மானிக்கும் அரசியல் தரவும் அதுவேயாகும். அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் எல்லையாகப் பாயும் றியோ கிராண்டே ஆற்றின் இரு அணைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1944ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின் கீழ் ஃபல்கன் அணை 1953இலும் அமிஸ்டாட் அணை 1969இலும் திறந்துவைக்கப்பட்டன. மெக்சிக்கோவின் ஆறு கிளையாறுகளிலிருந்து றியோ கிராண்டேயை வந்தடையும் நீரில் மூன்றிலொரு பங்கு அமெரிக்காவுக்குரியது. ஐந்தாண்டுச் சுற்றொன்றின் சராசரியாக அது வருடத்துக்கு 350,000 ஏக்கர் அடிக்குக் குறையலாகாது. மறுபுறத்தில், கொலராடோ ஆற்றிலிருந்து வருடாந்தம் 15 இலட்சம் ஏக்கர் அடி நீரை மெக்சிக்கோவுக்கு வழங்க அமெரிக்கா கடமைப்பட்டுள்ளது.

இக்கணக்கைப் பேணுவது, இரு நாட்டுப் பிரிவுகளையும் கொண்ட சர்வதேச எல்லை மற்றும் நீர் ஆணைக்குழுவாகும். ஆற்றிலும் கிளையாறுகளிலும் அமைந்த அளவை நிலையங்கள் நீர்வரவைப் பதிவு செய்கின்றன. அணைகளில் நீர்மட்டம் அளக்கப்பட்டு, அதிலிருந்து இருப்பு கணிக்கப்படுகின்றது. ஒரே நீர்ப்பரப்பில் இரு நாடுகளுக்கும் வங்கியிலுள்ளதைப் போன்று தனித்தனிக் கணக்குகள் உண்டு. நீர்த்தேக்கத்தில் ஏற்படும் இழப்பும் அவரவர் இருப்பின் விகிதத்திலேயே கழிக்கப்படுகின்றது. வண்டல் படிந்து கொள்ளளவு குறைவதனால் நீர்த்தேக்கத்தின் அடியையும் இடையிடையே மீள அளக்க வேண்டியுள்ளது.

இக்கணக்கின் பெறுமதி 2020இல் புலப்பட்டது. அமெரிக்காவுக்கு நீர் திறந்துவிடப்படுவதை எதிர்த்து சிவாவா மாநில விவசாயிகள் லா பொக்கில்லா அணையைக் கைப்பற்றினர். அந்தக் கொந்தளிப்பில் உயிரிழப்பும் நேர்ந்தது. சுற்று முடிவதற்குச் சில தினங்கள் இருக்கையில், எல்லை அணைகளில் தேங்கியிருந்த தனது நீரின் உரிமையை அமெரிக்காவுக்கு மாற்றிக்கொடுத்து மெக்சிக்கோ நிலுவையைத் தீர்த்தது. அவ்வாறு மாற்றப்பட்ட நீர் இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்கேட்டில் உரிமையாளரின் பெயர் மட்டுமே மாறியது. அளவீட்டை இரு தரப்பும் நம்பியிராவிடில் இது சாத்தியமாகியிராது.

எனினும் அளவுகோல் மழையைத் தருவதில்லை. நீர்ப்பற்றாக்குறையினால் டெக்சாஸ் மாநிலத்தின் கடைசிச் சீனி ஆலை 2024இல் மூடப்பட்டது. 2025 ஒக்டோபரில் முடிவடைந்த சுற்றில் மெக்சிக்கோ ஏறக்குறைய பாதியளவு நீரையே வழங்கியிருந்தது. 'அசாதாரண வரட்சி' நிலவினால் குறைநீரை அடுத்த சுற்றில் ஈடுசெய்யலாம் என உடன்படிக்கை கூறுகின்றது. ஆனால், அவ்வரட்சி யாது என்பதை அது வரையறுக்கவில்லை.

இருக்கும் நீர் எவ்வளவு என்பதில் இவ்விரு நாடுகளுக்கும் பிணக்கில்லை. எப்போது வரட்சி எனக் கொள்வது என்பதிலேயே பிணக்கு எழுகின்றது. நீர்மட்டத்தைப் போன்று வரட்சியையும் இரு தரப்பும் ஏற்கும் அளவையொன்றினால் வரையறுப்பதே இனிச் செய்யவேண்டிய பணியாகும். வரட்சி வந்தபின் அதன் இலக்கணத்தைப் பேசத் தொடங்கினால், இரு கரைகளிலும் பயிர் கருகிய பின்னரே முடிவு கிட்டும்.